கொதிக்கவைத்த மருந்து

பவ வருஷம், ஆடி 14. ஜலகண்டாபுரம்.

எதையும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று இரண்டு மாதமாகத் தமுக்கு அடித்துச் சொன்னவன் நான். சுகாதார இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேலை?

நேற்று நெசவாளி பழனிக்குக் காலரா கண்டது. அவன் மனைவி ராசம்மாவிடம் மூன்று குப்பி பேஜ் மருந்து கொடுத்தேன். காலராக் கிருமியைத் தின்கிற நுண்ணுயிர் அது. உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும். தண்ணீரில் கலந்து கொடு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவசரம்.

இன்று காலையில் போனால் பழனியின் உடலைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அடுப்பின்மேல் சொம்பு இருந்தது.

"நீங்க சொன்னாப்பல நல்லாக் கொதிக்கவச்சுத்தான் மூணு வேளையும் குடுத்தனுங்க சாமி" என்றாள் ராசம்மா. "எதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

"இல்லையம்மா, சரியாகத்தான் செய்தாய்" என்றேன். காய்ச்சாமல் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. ஆனால் மருந்தைக் கொன்றது என் தமுக்குத்தான்.

சாயங்காலம் ராசம்மாவுக்கு எதிர்வீட்டுக் காளியம்மாளின் மகளுக்கும் கண்டுவிட்டது. என்னிடம் மிச்சமிருந்த ஒரே குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய கையோடு காளியம்மாள் அதைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைக்கப்போனாள்.

"காய்ச்சிக் குடுத்ததுதான் சரின்னு நீங்களே சொன்னீங்களாமா. ராசம்மா சொல்லுச்சுங்க."

சட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். காய்ச்சினால் இந்த மருந்து செத்துப்போகும் என்று கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் கவனித்தேன், எதிரே ராசம்மா வீட்டில் அதுவரை கேட்ட அழுகை நின்றிருந்தது.