அண்ணி வரும் வாசல்

மதிப்பிற்குரிய மனைவிக்கு,

திருச்சியை விட்டு மலேசியாவில் இந்தக் கூலிம் ஊர்த் தொழிற்சாலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. இங்கே பேசுவதைத் தமிழ் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

தீபாவளியன்று கூப்பிடாமலே அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதுதான் இவர்களுடைய நாகரிகம். என்னோடு வேலை செய்கிற இருபது பேர் வந்து நின்றார்கள். வீட்டில் ஒரு பிஸ்கட்கூட இல்லை. பக்கத்து வீட்டு யோகேஸ்வரி, ரப்பர் தோட்டத்தில் பிறந்த அதிகப்பிரசங்கி, தன் முறுக்கு டின்களைத் தூக்கிவந்து பரிமாறினாள்.

“அண்ணி எப்பண்ணே வர்றாங்க?” என்றாள். அடுத்த மாதம் என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாளிலிருந்து தினமும் என் வாசலில் கோலம் போடுகிறாள். “அண்ணி வர்ற வீடு, வெறுமனே கிடக்கக் கூடாது லா” என்கிறாள். மூளை கெட்டவள்.

நீ அனுப்பிய விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலில் சேர்க்க, அந்தக் கோலத்தை மிதிக்காமல் தாண்டித்தான் போக வேண்டும்.

இது உன் கைக்கு வந்து சேரும்வரை,
உன் கணவன்