ஆறாவது வித்தியாசம்

மார்ச் 4, செவ்வாய்

வங்கிக்குப் போனேன். பொதுமக்கள் நிற்கிற கவுண்டரில் பேனாவை நூலால் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நூல் எட்டவில்லை, பாதி உடம்பைக் கவுண்டர்மேல் சாய்த்துத்தான் கையெழுத்துப் போட முடிந்தது. மேலாளர் மேசையில் குவளை நிறையப் பேனாக்கள், ஒன்றுக்கும் நூல் கிடையாது. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது நாம். திருட்டுச் சந்தேகமும் நம் மேல்தான்.

இரண்டையும் படம் எடுத்தேன். இது பத்திரிகைக்கு ஆகாது, என் சொந்த வயிற்றெரிச்சலுக்கு. ஒரு பெண் ஓடிவந்து, இங்கே படம் எடுக்கக் கூடாது என்றாள். பத்திரிகைக்காரன் என்றேன். எந்தப் பத்திரிகை என்று கேட்டதும் பெயரைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. “ஆறு வித்தியாசம் வருமே, அதுதானே? எங்க வீட்ல அதுக்காகத்தான் வாங்குறோம்.”

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். அந்த ஆறு வித்தியாசத்தைப் போடுகிறவன் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஆசிரியர் குழுக் கூட்டம். என்னைக் கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ‘ஆகட்டும்’ நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். முதலாளி எதைச் சொன்னாலும் “ஆகட்டும் சார்” என்பதால் அவனுக்கு நான் வைத்த பெயர். இவன் எழுதிய முதல் கட்டுரையில் ஒற்றுப் பிழை இல்லாத வரி ஒன்றுகூட இல்லை. திருத்திக் கொடுத்தவன் நான். இன்று அவன் ஆசிரியர்.

என் வரலாற்றுப் பக்கத்தை நிறுத்தியபோது தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான்: “அண்ணே, நீங்க எழுதுறது எனக்கே புரிய ரெண்டு தடவை படிக்கணும். ஆனா உங்க கண்ணு இருக்கே, கத்தி. அதை வச்சுக்குவோம்.” ஓவியர் வேலையை விட்டுப் போயிருந்த நேரம். (போனார் என்பது மரியாதைக்கு. போகச் சொன்னார்கள்.) அவர் வரைந்துகொண்டிருந்த ஆறு வித்தியாசப் பக்கம் என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு வரைய வராது. கணினியில் படத்தை வெட்டி ஒட்டவும் வராது. ஒரு கேமராவைக் கையில் கொடுத்தான்.

இரண்டு முதுகலைப் பட்டம்.

சரி, அதையும் ஒழுங்காகச் செய்வோம் என்று எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஒரே இடம், ஒரே கோணம், வேறு வேறு நேரம். எதையும் தொடமாட்டேன், நகர்த்தமாட்டேன். வித்தியாசம் தானாக வர வேண்டும். வரும். ஆறைப் பொறுக்கி எடுத்து, விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாகப் போடுவேன். அச்சுக்குப் போகும்முன் என் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று நினைப்பு.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் இவள் சொல்கிறாள்: “உங்களுக்குக் கோபம் வராத நாள்ல நெத்தியைத் தொட்டுப் பாக்கணும், காய்ச்சலோன்னு.” சொல்லிவிட்டு நிஜமாகவே தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 10, திங்கள்

இவ்வளவு வருஷம் இந்த வாசலில் நுழைகிறேன். கண் கத்தியாம்!

எங்கள் அலுவலக வாசலில் ஒரு வாட்ச்மேன். அறுபதைத் தாண்டியவர். கணுக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கும். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. இன்று அடுத்த வாரப் பக்கத்துக்கு இடம் தேடி எதிர்ப்புறம் நின்றிருந்தேன். பத்து மணி சுமாருக்கு அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். பிறகு கேட்டைத் திறந்து நின்றார். முதலாளியின் வண்டி நுழைந்தது. வண்டி உள்ளே இருந்த வரைக்கும் நாற்காலி வெளியே வரவில்லை. மதியத்துக்கு மேல் வண்டி போனது, நாற்காலி வந்தது.

உள்ளே போய் விசாரித்தேன். கணக்குப் பிரிவில் சிரித்தார்கள். எப்போதும் அப்படித்தானாம். யார் சொன்னது என்றால் யாருக்கும் தெரியவில்லை. “முதலாளி இருக்கும்போது எப்படி சார் உக்காருறது?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

அதே முதலாளிதான் போன மாதம் ‘உழைப்பவரை மதிப்போம்’ என்று தலையங்கம் எழுதினார். எழுதினார் என்ன, ஆகட்டும் எழுதினான்.

மார்ச் 12, புதன்

எடுத்துவிட்டேன். காலையில் ஒன்று: மூடிய கேட், நாற்காலியில் வாட்ச்மேன். “அப்படியே இருங்க” என்றேன். பத்திரிகையில் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பதினோரு மணிக்கு இன்னொன்று: திறந்த கேட், உள்ளே வண்டி, வாட்ச்மேன் நிற்கிறார்.

கேட், வண்டி, மதில்மேல் காகம், அணைந்த விளக்கு, காயப் போட்ட தரை துடைக்கும் துணி. ஐந்தாகிவிட்டது. ஆறாவதை நிதானமாகத் தட்டச்சு செய்தேன். பல வருஷம் கழித்து ஒரு வாக்கியம் எழுதுகிற சந்தோஷம். “முதல் படத்தில் காவலாளிக்கு நாற்காலி உண்டு, இரண்டாவதில் இல்லை.”

ஆகட்டும் இதை முதலாளிக்கு எப்படி விளக்கப்போகிறான் என்று பார்ப்போம். அந்த முகத்தைப் பார்க்கத்தான் இருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

இதழ் வந்தது. வாட்ச்மேனுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். பக்கத்தைத் திறந்ததும் தன்னைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பக்கம் போன கூரியர் ஆளை நிறுத்திக் காட்டினார். பிறகு நிதானமாக விரலை வைத்து ஒவ்வொரு வித்தியாசமாகத் தேடினார். ஐந்தைப் பிடித்துவிட்டார். ஆறாவது அகப்படவில்லை. பத்திரிகையைத் தலைகீழாகத் திருப்பி விடையைப் படித்தார்.

மடித்தார். இன்னும் ஒரு மடிப்பு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

“இதைப் போட்டிருக்க வேண்டாம் சார்” என்றார்.

இதுதான் கோளாறு. அடிபடுகிறவனே “வலிக்கலைங்க” என்கிறபோது யாருக்காக என்ன எழுதுவது? எரிச்சலாக இருந்தது. படியேறி உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 17, திங்கள்

முதலாளியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆகட்டும் மட்டும் என்னைக் கண்டால் திரும்பிக்கொள்கிறான்.

ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். குரலில் வயது தெரிந்தது. ஆறு இல்லை, ஏழு வித்தியாசம் இருக்கிறது என்றார். நான் விடவில்லை, ஆறுதான் என்றேன். “தம்பி, முதல் படத்துல அந்த மனுஷன் சிரிக்கிறார். ரெண்டாவதுல சிரிக்கலை. பாருங்க.”

பார்த்தேன். ஆமாம். லேசாக, உதட்டோரத்தில்.

என் கண்ணில் படவில்லை. யாரோ ஒருத்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்கிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

வாசலில் புது ஆள். இளைஞன். வண்டி இல்லாதபோதும் நின்றுகொண்டிருக்கிறான். நாற்காலியே இல்லை.

ஆகட்டும் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். அவர் எங்கே என்றேன். வாட்ச்மேன்களை அனுப்பும் ஏஜென்சியில் ஆளை மாற்றச் சொல்லிவிட்டானாம். யார் சொன்னது, முதலாளியா? இல்லையாம். முதலாளி பார்த்துக் கேட்பதற்கு முன்னால் இவனே முந்திக்கொண்டானாம்.

“நான் போட்டதுக்கு என்னை அனுப்பவேண்டியதுதானேடா” என்றேன். டா என்றது அவன் ஆசிரியரானபின் இதுதான் முதல் தடவை.

“அண்ணே, உங்களை அனுப்பினா வழக்குப் போட்டு ஆறு மாசம் இழுப்பீங்க. அவர் போட மாட்டார்.” சிரிக்காமல்தான் சொன்னான். “அந்தாளு ஒன்பது வருஷமா நிம்மதியா இருந்தார். கேமராவைத் தூக்கிட்டுப் போனது யாரு, நானா?”

நாய். கோழை. வரிக்கு வரி திருத்திக் கொடுத்தேனே, முதுகெலும்பையும் சேர்த்துத் திருத்தியிருக்க வேண்டும்.

மார்ச் 19, புதன்

இவளிடம் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “அவர் கால் வலிக்குதேன்னா போட்டீங்க?” என்றாள். “உங்க ஆசிரியரைக் குத்தணும். அதுக்கு அவரைக் குச்சியாப் பிடிச்சீங்க.”

கத்தினேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரிப் பேசாதே என்று. அவள் கத்தவில்லை. காயை மட்டும் வேகமாக நறுக்கினாள். சாப்பிடாமல் படுத்துவிட்டேன். தூக்கமா வருகிறது?

மார்ச் 20, வியாழன்

ஏஜென்சியைத் தேடிப் போனேன். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடி. ஏறுகிற படிக்கட்டிலேயே சீருடை போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், எங்காவது ஆள் தேவைப்பட்டால் அனுப்புவார்கள் என்று. நாலாவது படியில் அவர். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்தார். எழுந்தபின் எதற்கு எழுந்தோம் என்று தோன்றியிருக்க வேண்டும், மறுபடி உட்கார்ந்தார்.

ஆகட்டும் செய்த அநியாயத்தைச் சொன்னேன். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம், மனு நானே எழுதித் தருகிறேன் என்றேன். முடிக்கும்வரை கேட்டார்.

“சார், முதலாளி வண்டி வரப்போகுதுன்னா எழுந்துக்குவேன். போனதும் உக்காந்துக்குவேன். எனக்கும் அந்த வண்டிக்கும் ஒரு பேச்சு. நடுவுல நீங்க எதுக்கு சார் வந்தீங்க?”

அது தப்பு இல்லையா, உங்கள் காலைப் பாருங்கள் என்றேன்.

“கால் எனக்குத் தெரியாதா சார்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அதனாலதானே கேக்கலை?”

மற்றவர்கள் எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஏன் சொன்னேன்? பத்து வருஷமாக அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. மன்னிப்பு என்ற சொல்லை இதுவரை பிழை திருத்தத்தான் தொட்டிருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

போகவில்லை.

மார்ச் 24, திங்கள்

போனேன். ஆகட்டும் கூடவே வந்து சுவரோரமாக நின்றான். முதலாளி உட்காரச் சொன்னார். ராத்திரியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: வாசல் நாற்காலி பற்றி நான் வெளியிட்டது உங்களைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன், தண்டனை எனக்குத்தான் வர வேண்டும், அவருக்கல்ல.

“எந்த நாற்காலி?” என்றார்.

விளக்கினேன். இதழை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “நான் வரும்போது போன்ல பேசிக்கிட்டே வருவேன். அவர் நிக்கிறாருன்னே தெரியாது. உக்காரட்டுமே, யார் வேணாம்னா?” பிறகு, “இந்தப் பக்கம் நீங்கதான் பண்றீங்களா? பேத்தி மொதல்ல இதைத்தான் பாப்பா. நல்லாருக்கு, நல்லாருக்கு” என்றார். ஆகட்டும் பக்கம் திரும்பி, பழைய ஆளையே வரச் சொல்லு என்றார்.

“ஆகட்டும் சார்.”

இத்தனை வருஷம் இந்த மனுஷனைத் திமிர்பிடித்தவர் என்று திட்டிக்கொண்டிருந்தேன். திமிர்கூட இல்லை. திமிருக்காவது நம்மைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இவர் பார்க்கவே பார்க்காத ஒன்றுக்காக வாட்ச்மேன் நின்றிருக்கிறார், ஆகட்டும் நடுங்கியிருக்கிறான், நான் குத்தியிருக்கிறேன். யாரை நான் இப்போது திட்டுவது?

மார்ச் 25, செவ்வாய்

ஆகட்டும் ஒன்றும் செய்யவில்லை. கேட்டால், புதுப் பையனை எங்கே அனுப்புவது என்கிறான். அவனுக்கும் வீட்டில் சாப்பிட ஆள் இருக்கிறதாம். சொல்கிறது ஆகட்டும் என்றாலும் அதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலிருந்து நாற்காலியை நானே தூக்கிவந்து வாசலில் போட்டேன். பையன் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தான். “வம்புல மாட்டி விட்டுராதீங்க சார்” என்றான். முந்தைய ஆளின் கதை அவன் காதுக்குப் போயிருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

இந்த வாரப் பக்கம்: ஒரு ரயில் நிலையக் கடிகாரம், இரண்டு வேளை. ஆட்கள் யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் இவள் வந்து, வெளியே ஒருத்தர் நிற்கிறார், உள்ளே கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார் என்றாள். வாட்ச்மேன். என் விலாசத்தைக் கணக்குப் பிரிவில் வாங்கியிருக்கிறார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறதாம். வீட்டிலிருந்து இரண்டு பஸ். பழைய இடத்துக்கு வரச் சொல்லி முதலாளி சொல்லியிருக்கிறார் என்றேன். தெரியும் என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

“அடையாள அட்டைக்கு ஒரு படம் வேணும் சார். ஸ்டூடியோக்காரன் மெஷின் ரிப்பேர், பத்து நாள் ஆகும்னான். நாளைக்கே குடுக்கணும்.” பிறகு, “உங்களுக்குத்தான் எடுக்க வருமே” என்றார்.

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

வெளிச்சுவர் வெள்ளை. அதன்முன் நின்றார். அடையாள அட்டைக்குக் கழுத்துக்கு மேல் இருந்தால் போதும். தொப்பி வைக்கவா வேண்டாமா என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். கழற்றி இவள் கையில் கொடுத்தார். முன்தலையில் முடி இல்லை என்பது எனக்கு இன்றுதான் தெரியும். எடுக்கட்டுமா என்று கேட்டேன். எடுங்க என்றார். எடுத்தேன். திரையைத் திருப்பி அவரிடமே காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

பழக்கத்தில், இன்னொன்று எடுத்துவிடலாமா என்றேன்.

“ஒண்ணு போதும் சார்.”