மெட்ராஸ் பரீட்சைக்குப் புறப்படும் முன்

தென்காசி, 18-6-38
சனிக்கிழமை மதியம்

அத்தான்,

நீங்க குற்றாலத்துல குளிச்சிட்டு வாரதுக்குள்ள நேரமாயிரும்னு எழுதி வைக்கேன். மூணு மணி ரயில்ல போறேன். திங்கக்கிழமை எம்.ஏ. இங்கிலீஷ்ல சேருததுக்குப் பரீட்சை.

கருவாட்டுக் குழம்பு மூடி வச்சிருக்கேன், சுட வச்சுச் சாப்பிடுங்க. சாயந்தரம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது சாவிய பக்கத்து வீட்டு வடிவம்மாள் மதினிட்ட குடுங்க, கோழிய அடைச்சிருவாங்க.

"ஏட்டி, எடம் கிடைச்சா ரெண்டு வருசம் அங்கனயே இருந்துருவியோ?"ன்னு கேட்டீங்க. நான் எந்திரிச்சு அடுக்களைக்குப் போனது கோவத்துல இல்ல, உங்கள விட்டுட்டு இருக்கணுமேன்னுதான். அதுலருந்து நாலு நாளா நீங்க பேசல.

போன மாசம் இங்கிலீஷ் உச்சரிப்பு படிக்கும்போது, உங்கள ஜன்னல் பக்கம் நிறுத்தி, நாக்கப் பல்லுக்கு நடுவுல வச்சு 'திங்க்'னு சொல்லச் சொன்னேன். பாதியிலேயே சிரிச்சிட்டீங்க. புத்தகத்தத் திறந்தா அந்தச் சிரிப்புதான் வருது. அதுக்குத்தான் நாலு நாளா ஏங்குதேன்.

எஸ்தர்

ஒண்ணு மறைச்சிட்டேன். நேத்து கோயில்ல, நான் பெயிலாகணும்னு ஜெபம் பண்ணினேன். நீங்க தனியா உக்காந்து சாப்பிடுதத நெனச்சுப் பண்ணினது. வெளிய வந்ததும் வெக்கமாப் போச்சு. திரும்ப உள்ள போயி மாத்திக் கேட்டுட்டேன். நீங்களும் நான் பாஸாகணும்னே கேளுங்க அத்தான், முழு மனசோட.

ஸ்டேஷனுக்கு வந்தீங்கன்னா நான் அழுதிருவேன். பரவால்ல, வாங்க.