காதுக்காரர்களும் உன் வெள்ளிக் கையும்

அன்புள்ள சுப்புத்தாய்க்கு உன் மாரிசாமி எழுதுவது. இந்தக் கிரேக்க நாட்டில் எனக்குக் காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை, கோபம் மட்டும்தான். உன் இருமல் நின்றதா?

நேற்று ஆலிவ் தோட்டத்தில் சாப்பிடும்போது முதலாளி மகள் எலேனி ஒரு பழைய புத்தகத்தை வாசித்துக் காட்டினாள். இவர்கள் ஊர் எழுத்தாளர்கள் அந்தக் காலத்தில் உலகத்து அதிசயங்களைச் சேர்த்து எழுதினார்களாம். இந்தியாவில் மனுசனுக்கு முழங்கை வரைக்கும் காதாம். வெயிலடித்தால் ஒற்றைக் காலைத் தூக்கிக் குடையாகப் பிடிப்பானாம். நம் பக்கம் எட்டிப் பார்க்காமலே எழுதியிருக்கிறான்கள்! மூன்று வீடு தள்ளிப் பேசுவதும் உனக்குக் கேட்கும் என்பதால் காதைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏத்தா, நெசமான அதிசயத்த நான் சொல்லுதேன். பட்டாசுக் கம்பெனில என் பொண்டாட்டி கை அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளியா மின்னும்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரேக்கத்தில் சொன்னேன்.

"இதையும் புத்தகத்துல சேர்த்துருவோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உழைக்கிற உன்னைக் கொண்டுபோய்க் காதுக்காரனோடு சேர்த்துவிட்டாளே!

வேலை விட்டதும் கை கழுவாமல் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. போனில் வந்தால் எலேனி நம்பமாட்டாள், கம்ப்யூட்டரில் செய்தது என்பாள். அவளுக்குக் கை போதும், எனக்கு முகமும் தெரிய வேண்டும்.

லோடு வண்டி வந்துவிட்டது. போட்டோ எடுத்ததும் நன்றாகக் கழுவு, அந்தக் கையோடு சாப்பிட்டுவிடாதே.

மாரிசாமி