பூஜ்யம் புள்ளி ஆறு

நாள் 118, காலை
நிலவின் தென்முனை, பனிச் சுரங்க நிலையம். இதை யார் எடுத்துப் படித்தாலும் சரி: இங்கே இருவர் இருக்கிறோம். நான் பூங்கோதை, கணிதம் படித்தவள். தலைவர் ரொசாரியோ, தூத்துக்குடிக்காரர். மின்சாரம், காற்று, தண்ணீர் எல்லாம் சரி.
ஆபத்தில் என்ன செய்வதென்று சொல்லும் கணினியை, முடிவுப் பொறியைச் சோதித்தேன். அது ஃபஸி கணிதத்தில் ஓடுவது. அளவிகள் முரண்பட்டால் ஆபத்து உண்டு, இல்லை என்று இரண்டாக வெட்டாது. எந்த அளவுக்கு ஆபத்து என்று பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு மதிப்புத் தரும். ரொசாரியோவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

நாள் 119, மதியம்
விண்கல் துணுக்கு விழுந்தது. கிடங்குச் சுவரில் விரிசல். ஓர் அளவி அழுத்தம் குறைகிறது என்றது. இன்னொன்று இல்லை என்றது. ரொசாரியோ உள்ளே ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.
பொறி சொன்னது: சுவர் உடையும், 0.6. அவரை வெளியேற்று, கதவை இறக்கு.
வாக்கி-டாக்கியில் சொன்னேன். பதில்: "உன் அரைகுறைக் கணக்குக்கு நான் ஓடி வரணுமா? உடையுமா, உடையாதா? ஒத்தை வார்த்தை சொல்லு."
"உடையும் சார். நிச்சயமா."
ஓடி வந்தார். கதவை இறக்கினேன்.

நாள் 120, காலை
சுவர் உடையவில்லை.
இறங்கிய கதவு இந்தப் பக்கமிருந்து திறக்காது. கரியமில வாயு வடிகட்டிகள் எல்லாம் கிடங்கில். இங்கே மாட்டியிருப்பது மட்டும்தான் மிச்சம். மீட்புக் கலம் கிளம்பிவிட்டது, எப்போது இறங்கும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.
ரொசாரியோ பொறியின் பதிவைப் பார்த்துவிட்டார். நேற்றைய 0.6 அதில் இருக்கிறது. அதிலிருந்து என் பக்கம் திரும்புவதில்லை.

நாள் 122, மாலை
கரியமில வாயு ஏறுகிறது, தலைவலி. எனக்கு முதுகு காட்டி அவர் பொறியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பொறியைத் தொடாத மனிதர்.

நாள் 123, காலை
விண்வெளி உடை மாட்டி வெளியே இறங்கும் சூட் அறைக்குப் போனவர் ஸ்பீக்கரில் கூப்பிட்டார்: "பூங்கோதை, இங்க கொஞ்சம் வா."
போகுமுன் திரையைப் பார்த்தேன். கலம் வரும்வரை காற்றுப் போதுமா என்று கேட்டிருக்கிறார். இருவருக்கு: 0.4. ஒருவருக்கு: 0.9.
சூட் அறையின் இரண்டு கதவுகளையும் என் பலகையிலிருந்து பூட்டினேன்.

நாள் 123, சற்றுப் பின்
ஸ்பீக்கரில்: "ஏம்மா கதவு பூட்டிக்கிட்டு? வெளிய சுத்திப் போயி கிடங்கைத் திறந்து வடிகட்டி எடுத்தாரப் போறேன். சூட் மாட்ட இன்னொரு ஆள் வேணும்லா, அதான் கூப்பிட்டேன்."
ஒருவருக்கு என்று ஏன் கேட்டீர்கள் என்றேன்.
"நான் திரும்பலைன்னா நீ தாங்குவியான்னு பாத்தேன். என்னைக் கழிச்சுத்தான் கேட்டேன்."
உண்மையாக இருக்கலாம். எந்த அளவுக்கு? பொறியில் கேட்டேன்; அது என்னிடமே மதிப்புக் கேட்கிறது. 0.5 போட்டேன். அழித்தேன். 0.7. அழித்தேன். மூன்று நாளாக அவர் என் பக்கம் திரும்பாததற்கு எந்த எண் போடுவது?
திறக்கவில்லை.

நாள் 123, மாலை
சூட் அறையில் காற்று புதிதாக வராது. முதலில் திட்டினார். பிறகு மகள் பெயரைச் சொல்லிக் கெஞ்சினார். இப்போது வெறும் தட்டல்.
இந்தப் பக்கம் தலைவலி குறைந்திருக்கிறது.

நாள் 123, மாலை, பின்னர்
மீட்புக் கலம்: "நிலையம், கேக்குதா? நாங்க நினைச்சதைவிட முன்னாடியே வந்துட்டோம். நாளைக்குக் காலைல இறங்குறோம். அதுவரைக்கும் தாங்கிருவீங்கள்ல? எத்தனை பேர் உயிரோட இருக்கீங்க?"
நாளைக் காலை. இருவருக்கும் காற்றுப் போதும். கணக்குப் போடவே தேவையில்லை.
கை பூட்டு விசைவரை போனது. திறந்தால் அவர் வெளியே வருவார். வந்து நடந்ததையெல்லாம் பேசுவார்.
கலம் மறுபடி கேட்டது: "நிலையம், எத்தனை பேர்?"
ஒலிவாங்கியை வாயோடு சேர்த்துக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னேன், தட்டும் சத்தம் அவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று.
"ஒருத்தர்தான்."