வயிறு என்னுடையது

மார்ச் 4

வயிற்றில் கட்டி. உள்சுவரில், நெல்லிக்காய் அளவு. சொன்னது என் கணவரேதான். பெரிய சர்ஜன், வயிற்றை அகலத் திறந்து, கையை விட்டு வேலை பார்ப்பதில் மன்னராம். சொல்லி முடித்த சூட்டோடு, "வியாழக்கிழமை தியேட்டர் காலி. நானே பண்ணிடறேன்" என்றார்.

தையல்காரர்கூட கழுத்து எவ்வளவு இறக்கம் என்று கேட்பார். இவர் கேட்கவில்லை.

மார்ச் 6

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சிரித்தார். "என் விரலுக்குத் தப்பின கட்டியே கிடையாது" என்கிறார். ஆஹா! கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தடவித் தேடின அதே விரல்தானே?

மார்ச் 9

அதே ஆஸ்பத்திரியில் இன்னொருவர் இருக்கிறார். நாலு சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, திரையைப் பார்த்துச் செய்கிறவர். என் கணவர் அவருக்கு வைத்த பெயர் 'டிவிக்காரன்'. அவரை நேரே போய்ப் பார்த்தேன்.

"ரெண்டு விதமும் உங்களுக்குச் சரிப்படும்மா. ஓட்டைன்னா வலி கம்மி, சீக்கிரம் எழுந்துடலாம். சிக்கல்னா நடுவுல திறக்க வேண்டி வரலாம்" என்றார். அப்புறம், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்! இத்தனை வருஷம் டாக்டர் வீட்டில் இருந்தும் இப்படி ஒரு கேள்வி என் காதில் விழுந்ததில்லை. ஓட்டைக்கே கையெழுத்துப் போட்டேன்.

"டிவி பார்த்துச் சமைக்கிறவன் கையால சாப்பிடுவியா?" என்கிறார் இவர். சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன்.

மார்ச் 11

பயமா இருக்கு. வீம்புக்குப் போட்டேனா கையெழுத்து? இல்லை. — தெரியலை.

மார்ச் 13

நாளைக்கு ஆபரேஷன். இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார். கட்டி எனக்கு, துக்கம் இவருக்கு.

மார்ச் 17

இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. தலைமை நர்ஸ் வந்து நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள்.

கேமராவில் கட்டி தெரியவே இல்லையாம். உள்சுவரில் இருப்பது வெளியிலிருந்து எப்படித் தெரியும்? அதற்காகத்தான் முன்கூட்டியே வாய்வழியாகக் குழாய் விட்டு, அந்த இடத்தில் மைப்புள்ளி வைப்பார்களாம். வைத்திருப்பார்கள் என்று நம்பித்தான் டிவிக்காரர் ஆரம்பித்திருக்கிறார். எனக்கு வைக்கவில்லை. கட்டியைக் கண்டுபிடித்த அன்றைக்கே, "நான்தானே பண்ணப்போறேன், தடவினா தெரியும், மை எதுக்கு?" என்று இவர் தடுத்துவிட்டார். நான் ஆள் மாற்றின பிறகும் அதை யாரிடமும் சொல்லவில்லை. மறதியா, திமிரா? அடப்பாவி மனுஷா, என் வயித்துலயா உன் ஜம்பத்தைக் காட்டணும்!

"சார், திறந்துடலாமா? நீங்களே கையை விட்டுப் பாருங்க" என்று டிவிக்காரர் கேட்டாராம். ஓரமாக நின்றிருந்தார் இவர். ஆசைப்பட்டது தானாக மடியில் வந்து விழுந்தது. "வேண்டாம்பா. அவ கேட்டது இது இல்ல. முதல்ல குழாயைக் கொண்டா" என்றாராம்.

என் தலைமாட்டில் நின்று, வாய்வழியாகக் குழாயை வயிற்றுக்குள் இறக்கி, கட்டிக்குப் பக்கத்தில் அதன் விளக்கைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வெளிச்சம் தெரிந்த இடத்தை டிவிக்காரர் வெட்டி எடுத்தார். "சார், கொஞ்சம் இடது பக்கம். சார், அசையாதீங்க." இவர் அசையவில்லை என்றாள் நர்ஸ்.

மார்ச் 18

"மை வேண்டாம்னு சொன்னது நீங்கதானா?"

"ஆமா."

அவ்வளவுதான். சாக்குச் சொல்லுவார், கிழித்துவிடலாம் என்று நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். வீணாகப் போனது.

மார்ச் 24

ரிப்போர்ட் வந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது. வெட்டின ஓரமெல்லாம் சுத்தம், மேற்கொண்டு ஒன்றும் வேண்டாம் என்று போட்டிருக்கிறது. இவர் இரண்டு தடவை படித்தார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

கண்ணெல்லாம் சிவந்து வெளியே வந்தார். "சோப்பு பட்டுடுச்சு" என்றார்.

சோப்பு தீர்ந்து இரண்டு நாளாகிறது.

"நல்லாக் கழுவிக்கோங்க" என்றேன்.