சாரத்தின் கீழே நின்ற வண்டி

கராச்சர்மா, அந்தமான்,
வியாழக்கிழமை

அன்புள்ள ஹரிஹரனுக்கு,

ஷோபனா எழுதுகிறேன். நானும் ப்ரியங்காவும் நலம். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு நாலைந்து நாளாகச் சரியான தூக்கமில்லை.

உங்கள் சைட்டில் கஸ்பார் விழுந்ததைப் பற்றி நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்குமூலத்தின் படம் சுற்றிச் சுற்றி நேற்றுதான் முழுசாக இறங்கியது. போனில் இதைப் பற்றிப் பேச வேண்டாம், பக்கத்து அறையில் ஆள் இருக்கிறார்கள் என்றீர்கள். அதனால்தான் கடிதம். நாளைய கப்பலில் விசாரணை அதிகாரி அங்கே கேம்பல் பேவுக்கு வருகிறாராம். அவர் விசாரணையை ஆரம்பிப்பதற்குள் உங்கள் இங்கிலீஷ் திருத்தமாக உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவளைக் கட்டிக்கொண்டதில் இப்போதாவது ஒரு பிரயோஜனம் கிடைத்ததே உங்களுக்கு.

முதலில் உங்கள் சந்தேகத்துக்குப் பதில். ‘வாஸ்’ என்று போடுவதா, ‘ஹேட் பீன்’ என்று போடுவதா, எதில் கனம் அதிகம் என்று கேட்டிருந்தீர்கள். கனம் பார்த்துப் போடுகிற விஷயமில்லை அது. நடந்துபோனவை இரண்டு இருந்து, அதில் எது முந்தி நடந்தது என்று காட்ட வேண்டுமென்றால் முந்தியதற்கு ‘ஹேட்’ வரும். டியூஷன் பிள்ளைகளுக்கு நான் கப்பல் டிக்கெட்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். நாம் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது டிக்கெட் எல்லாம் விற்கப்பட்டிருந்தது. இங்கே விற்பனை முந்தியே முடிந்துவிட்டது, விற்றது யார் என்று சொல்ல வேண்டிய தேவையில்லை. இதற்கு ‘ஹேட் பீன்’ போட்டு வினையின் மூன்றாவது வடிவம். விடிந்ததிலிருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தோம், அப்போது கவுண்டரை மூடினார்கள். இங்கே நிற்பது கவுண்டர் மூடும் வரைக்கும் விடாமல் நடக்கிறது. இதற்கும் ‘ஹேட் பீன்’தான், ஆனால் பின்னால் ‘இங்’ வரும். அந்தமான் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? ஒருமுறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் வாக்கியங்களை இந்தக் கணக்கில்தான் பார்த்தேன். கஸ்பாருக்கு மேலே ஏற வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டிருந்தது. சாரம் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது. அவர் விழுந்தபோது நான் கீழே நின்று மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றிலும் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. முதலாளி ஜெகநாதனின் கிளார்க் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன், உங்கள் இங்கிலீஷ் இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இனி மற்ற விஷயம்.

உங்கள் பார்சல் போன வாரம் வந்தது. கருவாடும் தேங்காய் எண்ணெயும் உடையாமல் சிந்தாமல் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர் அங்கே ஸ்கூலில் டீச்சராக இருக்கும் உமா மகேஸ்வரி. ஹேடோ துறைமுகத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார், பாவம், குளிக்கக்கூட இல்லை. காபி கொடுத்தேன். உங்களைப் பற்றி வாய் நிறையச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் சாதாரணமாக இதையும் சொன்னார்: “அண்ணன் கப்பல் கெளம்புற வரைக்கும் ஜெட்டித் துறையிலயே நின்னாருங்க. என் பெட்டியக்கூட அவருதான் தூக்கி வச்சாரு. அப்புறம் ஒரு ஆள் ஓடியாந்து, ‘சாப், ஜல்தி சலோ, ஆத்மி கிர் கயா’ன்னு கூப்பிடவும்தான் ஓடினாரு.”

நான் காபி டம்ளரைக் கழுவப் போகிறவள்போல எழுந்து உள்ளே போய்விட்டேன். ஆள் விழுந்துவிட்டான் என்று ஜெட்டிக்கு வந்து உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் சாரத்தின் கீழே நின்றுகொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கருவாட்டை நான் இன்னும் சமைக்கவில்லை. வீடெல்லாம் மணக்கிறது, ப்ரியங்கா தினமும் கேட்கிறாள்.

கப்பல் நாளில் கேம்பல் பேயில் பாதி ஊர் ஜெட்டியில்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்த முகம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பார்சல் கொடுத்தனுப்புவது எல்லோரும் செய்வதுதான். அதற்காக உங்களைக் குற்றம் சொல்லவில்லை. எனக்காகத்தானே கொடுத்தனுப்பினீர்கள். 

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் கஸ்பாரைப் பார்த்தேன். ஹெலிகாப்டரில் கொண்டுவந்தபோது இருந்ததைவிட இப்போது முகம் தெளிவாக இருக்கிறது. ஆனால் இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்ச்சி வரவில்லை. சீக்கிரம் மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால் நடக்க வாய்ப்பு இருக்கிறதாம். முதலாளி ஏற்பாடு செய்தால்தான் முடியும். தப்பு கஸ்பார் மேல்தான் என்று விசாரணையில் எழுதிவிட்டால் முதலாளி ஒரு விரலையும் அசைக்க மாட்டார். இது உங்களுக்கும் தெரியும்.

கஸ்பாரின் மனைவி அமுதம் எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். உங்கள் மேல் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏன் ஏறினீர்கள் என்று நான்தான் மெதுவாகக் கேட்டேன். சாரத்தை மறுபக்கம் மாற்றுவதற்காக ஒரு பக்கத்துக் கயிறுகளைக் காலையிலேயே அவிழ்க்கச் சொல்லியிருந்தீர்களாம். அது அவருக்குத் தெரியாது, சிமெண்ட் எடுக்க கோடவுனுக்குப் போயிருந்தாராம். மழை விட்டதும் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். கயிறு அவிழ்ந்திருந்தால் நீங்கள் கீழே நின்று குரல் கொடுப்பீர்கள், அதுதானே உங்கள் சைட்டில் வழக்கம். அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “சாரு வண்டி அங்கனயே நின்னுச்சு டீச்சர். சாரு இருக்காவன்னுதான் ஏறுனேன்.”

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வண்டியைச் சைட்டில் நிறுத்திவிட்டு நடந்துபோனால் முதலாளியின் ஆட்கள் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று போன லீவில் வந்தபோது சிரித்துச் சிரித்துச் சொன்னீர்களே. நானும்தான் கூடச் சேர்ந்து சிரித்தேன். முதலாளியை ஏமாற்ற நிறுத்திய வண்டியை நம்பி அந்த மனுஷன் மேலே ஏறியிருக்கிறார்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. நீங்கள் ஜெட்டிக்குப் போனதற்காக இல்லை, அந்த மூன்று வாக்கியங்களுக்காக. ஏற வேண்டாம் என்று யார் அவருக்கு அறிவுறுத்தியது? சாரத்தை யார் கட்டியது? ஆளைச் சொல்லாமல் எழுத இங்கிலீஷில் இடம் இருக்கிறது, அதை நானே தினமும் போர்டில் எழுதிப்போடுகிறேன். உங்கள் வாக்கியங்களைத் திருத்தித் தர மாட்டேன். திருத்த அதில் ஒன்றும் இல்லை.

இத்துடன் வேறு ஒன்று இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறேன். சின்னச் சின்ன வாக்கியங்கள்தான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கயிற்றை அவிழ்க்கச் சொன்னது நான். கஸ்பாரிடம் அதை யாரும் சொல்லவில்லை. நான் வண்டியை விட்டுவிட்டு ஜெட்டிக்குப் போனேன். அவர் விழுந்தபோது நான் அங்கே இல்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டால் வேலை போகும். கேஸ்கூட வரலாம். எனக்குப் பயமில்லை என்று எழுதினால் அது நான் சொல்லும் பொய்யாக இருக்கும். ராத்திரியெல்லாம் பயந்துகொண்டுதான் படுத்திருக்கிறேன். டியூஷனுக்கு இன்னும் ஒரு பேட்ச் சேர்த்துக்கொள்வேன், எப்படியாவது ஓட்டிவிடலாம். ஆனால் அமுதம் தினமும் அந்தக் கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருப்பாள், நாம் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருப்போம் என்றால் என்னால் முடியாது. வேறு எதுவானாலும் உங்களுடன் சேர்ந்து தாங்குவேன்.

இந்தக் கடிதத்தை அமுதத்தின் தம்பி ஜஸ்டினிடம் கொடுத்தனுப்புகிறேன். கஸ்பாரின் துணிமணிகளையும் சாமான்களையும் எடுத்துவர அவனும் அதே கப்பலில்தான் வருகிறான். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கையில் கொடுத்தனுப்பும் கடிதத்தை ஒட்டினால் கொண்டுபோகிறவரை நம்பாததுபோல் ஆகிவிடும் என்று இங்கே யாரும் உறையை ஒட்டுவதில்லை. நானும் ஒட்டவில்லை. கேம்பல் பே வந்து சேரும் வரை கப்பலில் அவனுக்கு வேறு வேலை இல்லை. பிரிக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன், அப்படி வளர்ந்த பிள்ளை. பிரித்திருந்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

சார் இதைப் படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே இரு, அவருக்கு உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது உங்கள் எதிரில்தான் நிற்பான். நிமிர்ந்து அவனைப் பார்த்துப் பேசுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

என்றும் உங்கள்,
ஷோபனா